இசையை விட்ட மாணவர்

காவிரிக் கரையில் உள்ள மாயூரத்துக்கு 1871ஆம் ஆண்டு பதினாறு வயது இளைஞர் ஒருவர் தம் தந்தையுடன் வந்து சேர்ந்தார். அவ்வூரே இன்று மயிலாடுதுறை என அழைக்கப்படுகிறது. அங்கு வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் ‘தமிழ்த் தாத்தா’ என்று போற்றப்பட்ட உ. வே. சாமிநாதையர்.

அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லுநர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லிப் பாடுவார். அதில் கிடைத்த வருவாயில்தான் குடும்பம் நடந்தது. மகனுக்குத் தமிழ் சொல்லித்தர நல்ல ஆசிரியர் ஓர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டால், குடும்பத்தையே அங்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார். அரியலூர், குன்னம், கார்குடி எனப் பல ஊர்களில் அவர்கள் வாழ்ந்தது அதனால்தான். மகன் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொந்த ஊரையே விட்டவர் அந்தத் தந்தை.

பிள்ளை அந்த இளைஞரை மாணவராக ஏற்றுக்கொண்டார். ஆனால், வேங்கடராமன் என்னும் அவருடைய பெயர் ஆசிரியருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டு, சாமிநாதன் என்றே கூப்பிடத் தொடங்கினார். அன்று முதல் அதுவே அவர் பெயராயிற்று. பெயரை மாற்றிக்கொள்வதில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. இசையை விடுவது அப்படி எளிதாக இருக்கவில்லை.

இசை அவருக்குக் குடும்பச் சொத்து. புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையர் அவர் தந்தைக்கு மாமா மட்டுமல்லர், இசை ஆசிரியரும் ஆவார். தந்தையிடம் சாமிநாதனும் சிறு வயதிலேயே பாடக் கற்றிருந்தார். மாயூரத்திலோ அப்போது, ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் சாமிநாதன் இசை பயின்றார். ஒரே ஊரில் தமிழுக்கு ஒரு பேராசான், இசைக்கு ஒரு பேராசான்! இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆயினும், அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. இசையில் மனத்தைச் செலுத்தினால் இலக்கிய இலக்கணங்களில் ஆழ்ந்த கவனம் செல்லாது என்பது பிள்ளையின் கருத்து. ஆசிரியரின் எண்ணத்தை அறிந்ததும் சாமிநாதன் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். பிள்ளையின் கருத்து சரிதானா என்று இன்று நாம் கேட்கலாம். இரண்டிலும் சிறந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால், எதற்காக மாயூரம் வந்தோம் என்பதில் அந்த மாணவருக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. 1876ஆம் ஆண்டு பிள்ளை மறையும் வரை அவரிடம் பாடம் கேட்டார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

வேலை கிடைத்துவிட்டது, மதிப்பும் வந்துவிட்டது. இனிக் கற்க என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள் எனச் சாமிநாதையர் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றை அவர் படித்ததில்லை. படிக்க ஏடும் கிடைத்ததில்லை.

பல ஆண்டுகள் இரவு பகலாகக் கற்ற கல்வி ஒரே கேள்வியில் சிறுத்துப் போயிற்று. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. முதலியாரிடமிருந்து சிந்தாமணியைப் பெற்றுக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து மாணவரானார். நூலில் வரும் சமணக் கருத்துகள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்ந்த வீதிக்குச் சென்றபோது ஒரு வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. விசாரித்தால், அவ்வீட்டார் சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்கள்! தாம் புரியாமல் திண்டாடிய நூலை அங்கே வழிவழியாகப் படித்து வந்தார்கள். கல்லூரி ஆசிரியரான அவர் தயங்காமல் அவர்களிடம் பாடம் கேட்டார்.

ஏட்டுச்சுவடிகளைப் படிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. எழுத்துகளுக்குப் புள்ளி இருக்காது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. பல பிரதிகளை ஒப்பிட்டு, கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சு வேலையைக் கவனித்து, 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியை அவர் வெளியிட்டார். பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஏடு தேடிச் செல்லாத ஊர் இல்லை என்னும்படி அவர் வாழ்க்கை ஆயிற்று.

1942ஆம் ஆண்டு அவர் மறைந்தார். முதுமையில் அவர் எழுதிய வரலாற்று நூல்களில் சில இசைவாணர்களைப் பற்றியவை. அவற்றில் ஒன்று, தந்தையின் ஆசிரியரான கனம் கிருஷ்ணையரின் வரலாறு. மற்றொன்று, மாயூரத்தில் சிறிது காலமே தமக்கு இசை கற்பித்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாறு.