மயிலுக்குப் போர்வை ஈந்த மன்னன்

பழனிக்கு அண்மையிலுள்ள ஆயக்குடியிலே கொய்யாத் தோப்புகளினிடையே நின்று தெற்கே நோக்குவோமாயின், மேகந் தவழும் நெடிய மலைத்தொடர் நம் கண்முன் விளங்கும். சங்க காலத்தில் இம்மலைநாட்டை ஆண்டவன், ஆவியர் குலத்துத் தோன்றலாகிய வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர்க்குரிய பொதினி என்னும் ஊரை அகநானூறு குறிக்கின்றது. அப்பொதினியே பின்னர்ப் பழனியாயிற்று என்பர் அறிஞர்.

கடையெழு வள்ளல்களைத் தொகுத்துக் கூறும் சிறுபாணாற்றுப்படை இவனையும் அவ்வரிசையில் வைத்துப் போற்றுகின்றது. மலைச்சாரலில் ஒரு மயிலைக் கண்டான். அது குளிரால் நடுங்குகின்றது என்று எண்ணினான். தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயில் போர்வையை உடுத்துமோ, போர்த்துமோ என்று நாம் நகைக்கக்கூடும். அந்நகைப்பிற்குப் பரணர் அன்றே விடை கூறிவிட்டார். வறண்ட குளத்திலும் விளைநிலத்திலும் பெய்யும் மழை களர்நிலத்திலும் பெய்கின்றது. அதனை அறிவில்லாதது என்று எவரும் பழிப்பதில்லை. பேகனும் கொடுக்குமிடத்து மட்டுமே அறியாமை உடையவன். போர்க்களத்தில் அவனிடம் அறியாமை சிறிதும் இல்லை என்பது புலவர் தீர்ப்பு. குறையையே புகழாக்கிய இத்தீர்ப்பில் நகையும் உண்டு, நயமும் உண்டு.

ஆயினும், இவ்வள்ளலின் இல்லத்தில் ஒருத்தி கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். அவள் அவன் மனைவி கண்ணகி. சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. பேகன் அவளைத் துறந்து, முல்லைவேலி சூழ்ந்த நல்லூரில் வேறொருத்தியை நாடிச் சென்றுகொண்டிருந்தான். பறவையின் நடுக்கத்தைக் கண்ட கண்களுக்கு மனைவியின் துயரம் புலப்படவில்லை!

அரசனுக்கு அறிவுரை கூறுவது எளிதன்று. அதிலும் அவன் இல்வாழ்க்கையைப் பற்றிப் பேசுவது மிக அரிது. நான்கு புலவர்கள் அதனைச் செய்தனர்.

கபிலர், மலைநாட்டுக் குறவரைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றார். அவர்கள் மழை வேண்டிக் கடவுளுக்குப் பலியிடுவர். மழை மிகுந்தால் அது நிற்கவேண்டும் என்று மீண்டும் வழிபடுவர். நின்றதும் மகிழ்ந்து தினையுணவை உண்பர். மனித மனத்தின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் காட்ட இயலுமோ? இவ்வாறு நாட்டைப் புகழ்ந்தவர், நேற்று உன்னையும் உன் மலையையும் நாங்கள் பாடியபோது ஒருத்தி குழல் இரங்குவதுபோல் அழுதாளே, அவள் யாவள் என்று ஒன்றும் அறியாதவர்போல் வினவுகின்றார்.

பரணர், தாம் பசியால் வரவில்லை என்றும், சுற்றத்தைத் தாங்கும் சுமையும் தமக்கு இல்லை என்றும் கூறி, இவ்விரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கின்றார். அரிசில்கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டாமென மறுத்து, அவள் கூந்தலில் மாலை சூடும்படி உன் தேரிற் குதிரைகளைப் பூட்டுக என்கின்றார். அக்கூந்தலுக்கு அவர் கூறிய உவமை மயிலின் தோகை! மயிலுக்கு இரங்கியவன் இவளுக்கு இரங்கலாகாதோ என்னும் குறிப்பு அதில் மறைந்திருப்பதாக நாம் கருதுகின்றோம். பெருங்குன்றூர்கிழாரோ, எண்ணெய் காணாத அவள் கூந்தலில் புதுமலர் விளங்குமாறு இன்றே புறப்படுவாயாயின் அதுவே எம் பரிசில் என்று முடிக்கின்றார்.

இவர்கள் அறிவின் நுட்பத்தை நாம் உற்று நோக்கவேண்டும். பேகன் இரப்பவர்க்கு இல்லையென்று சொல்லி அறியாதவன். ஆகலின் அறிவுரையையே பரிசிலாக்கிக் கேட்டனர். அவனுடைய நற்குணத்தைக் கொண்டே அவனுடைய குற்றத்தைத் திருத்த முயன்றனர். பொருள்தேடிப் பாடி வாழ்ந்த புலவர்கள், கைக்கு எட்டிய பொருளை வேண்டாமென்றது சிறிய காரியமன்று.

பேகன் ஏன் இவ்வாறு நடந்தான்? மயிலுக்கு ஒரு போர்வை போதும்; அதனைக் கொடுத்தவுடன் கடமை முடிந்தது, புகழும் கிடைத்தது. மனைவிக்கோ தன்னையே கொடுக்கவேண்டும். அதனை நாள்தோறும் கொடுக்கவேண்டும். அதற்காகப் பாடுவாரும் இல்லை. தொலைவில் உள்ளார்க்கு இரங்குதல் எளிது. அருகில் உள்ளாரிடம் அன்பு காட்டுதலே அரிது.

புறநானூற்றை 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டமையால் இவ்வரலாறு நம் கைக்கு எட்டியது. புலவர்களின் வேண்டுகோளோடு அப்பாடல்கள் நின்றுவிடுகின்றன. தேர் புறப்பட்டதென்று எந்தப் பாடலும் கூறவில்லை.

பேகனைப் பழித்துவிட்டு இவ்விதழை மூடிவிடுதல் எளிது. வெள்ளத்தால் துன்புற்றோர்க்கு விடுதிதோறும் நிதி திரட்டுகின்றோம், அது நன்றே. ஆனால் நம் வருகையை நோக்கி வாயிலில் நிற்கும் அன்னைக்கு நலம் வினவி ஒரு வரி எழுதி எத்தனை நாளாயிற்று? மயிலுக்குப் போர்வை ஈந்த கையோடு, நம் தேரையும் இன்றே வீட்டை நோக்கித் திருப்புவோமாக.