லாலாங் புல்லைக் கரும்போடு சேர்த்த அம்மையார்
டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள் (1897 – 1984)

லாலாங் புல்லைத் தெரியாதவர்கள் ஜோகூர்த் தோட்டங்களில் இருக்க மாட்டார்கள். வெட்டினாலும் வரும், எரித்தாலும் வரும், மருந்தடித்தாலும் நாலு மழை பெய்ததும் மறுபடி தலையை நீட்டும். அதோடு மல்லுக்கட்டியே முதுகு வளைந்துபோன தாய்மார்கள் நம் லயங்களில் எத்தனை பேர்! அந்தப் புல்லை யாராவது வேண்டுமென்றே வளர்ப்பார்களா? அதைக் கொண்டுபோய்க் கரும்போடு கலப்பு மணம் செய்து வைப்பார்களா? செய்தார் ஒரு பெண்மணி. இடம் கோயம்புத்தூர், காலம் 1930கள். அவர் பெயர் ஜானகி அம்மாள். பரிசு வாங்க மேடையேறும் மாணவச் செல்வங்களும், கீழே உட்கார்ந்து பார்த்து மகிழும் பெற்றோர்களும் இவருடைய வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எடவலத்து கக்காட் ஜானகி 4.11.1897 அன்று தலைச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளத்தில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தையார் கிருஷ்ணன் ஒரு சப்-ஜட்ஜ். உத்தியோகம் பெரிது என்றாலும் பிறந்த சமூகம் அந்நாளில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட தீயர் சமூகம். வழக்கும் தீர்ப்புமாகவே காலம் கழிக்கிற மனிதராக அவர் இருக்கவில்லை. தோட்டம் போடுவார், பறவைகளைக் கவனித்துக் குறிப்பு எழுதுவார். பிள்ளைகள் நிறைந்த வீடு. அக்கா தங்கைகளுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் நடந்தது. ஜானகியின் முறை வந்தபோது அவர் கல்யாணம் வேண்டாம், படிப்புத்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். நூறு வருஷத்துக்கு முந்திய கதை இது என்பதை மறந்துவிடாதீர்கள். பதினேழு வயதுப் பெண்ணைப் படித்தது போதும் என்று நிறுத்துகிற வீடு இன்னும் நம்மிடையே இல்லாமல் போய்விடவில்லை.

சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். ஆமாம், அவரும் முதலில் நம்மைப் போல ஒரு வாத்தியாரம்மாதான்! அப்போது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஆசிய நாட்டுப் பெண்கள் படிப்பதற்கென்றே பார்பர் உபகாரச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. அது அவருக்குக் கிடைத்தது. கப்பலேறினார். 1925இல் எம்.எஸ்சி., 1931இல் டாக்டர் பட்டம். தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்மணிகளில் அவர் ஒருவர்.

அவர் படித்தது என்ன? இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எந்த உயிராக இருந்தாலும் அது உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு அணுவின் நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் சில இருக்கின்றன. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டித் துண்டு நூல் மாதிரி தெரியும். அவைதாம் குரோமோசோம்கள். உயரம், நிறம், இனிப்பு, புளிப்பு என்று தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற குணங்களின் குறிப்பெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. எண்ணிக்கை இனத்துக்கு இனம் வேறுபடும். மனிதனுக்கு 46. நம் ரப்பர் மரத்துக்கு 36, செம்பனைக்கு 32, நெல்லுக்கு 24, கத்தரிக்கும் 24. வீட்டு ஓரத்தில் விளக்கடிக்கு வரும் தேரைக்கு 22. வயலில் கத்துகிற பெரிய தவளைக்கு 26. இழை அதிகம் இருந்தால் உயிர் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். தித்திப்பான ஆலைக் கரும்புக்கு 80 இழை! ஜானகி அம்மாள் வாழ்நாள் முழுதும் பார்த்த வேலை இந்த இழைகளை எண்ணுவதுதான். அவை சேரும்போதும் பிரியும்போதும் இரட்டிக்கும்போதும் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான். பொறுமைக்காரர்கள் பார்க்கிற வேலை.

அமெரிக்காவிலிருந்து திரும்பி, 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தார். பிறகு கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அன்றைய இந்தியாவில் சர்க்கரையே அரசியல். வெள்ளைச் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. தித்திப்பான கரும்பு வெப்ப நாட்டுக்காரன். வட இந்தியக் குளிருக்கும் நோய்க்கும் தாங்க மாட்டான். அதனால் 1912இல் தொடங்கிய கோவை நிலையத்தில் பார்பர் துரையும் வெங்கட்ராமனும் ஆற்றோரம் தானாக முளைக்கும் நாணலோடு அதைக் கலந்து, தாக்குப்பிடிக்கும் புதுக் கரும்பை உண்டாக்கியிருந்தார்கள். கலப்பு எப்படிப் பலித்தது, இழைகள் என்ன ஆயின என்று கண்டுபிடிப்பது ஜானகி அம்மாளின் பொறுப்பு.

அவர் நாணலோடு நிற்கவில்லை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்தார். அந்தச் செய்தி 1938இல் இங்கிலாந்தின் நேச்சர் இதழில் வந்தது. கரும்பும் லாலாங்கும் சேர்ந்த செடியையும் ஆராய்ந்து எழுதினார். இவையெல்லாம் ஆலைக்குப் போகிற கரும்பு அல்ல. ஆனால் வேறு வேறு குடும்பம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிற செடிகளும் அடியில் உறவுக்காரர்கள்தாம் என்பதை அவை காட்டிக்கொடுத்தன.

செடிகளுக்கிடையே இருந்த வேலியை எடுத்தவருக்கு மனிதர்கள் போட்ட வேலி குறுக்கே நின்றது. கல்யாணம் ஆகாத பெண், அதுவும் தாழ்ந்த சமூகம் என்கிற பார்வை கோவையில் கூட வேலை செய்த ஆண்களிடையே இருந்தது. அவருக்கு அங்கே நிம்மதி இல்லை. அதே சமயம், சர் சி. வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் மறுவருஷமே அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. தகுதியைப் பார்த்தவர்களும் இருந்தார்கள், பிறப்பைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். எல்லா ஊரிலும் இரண்டு வகையும் உண்டு.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. ஜானகி அம்மாள் போயிருந்தார். போன இடத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. திரும்ப வழியில்லாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனுக்குப் பக்கத்தில் மெர்டன் என்ற இடத்தில் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஜெர்மன்காரன் ராத்திரியில் குண்டு போடுவான். அம்மையார் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்வார். விடிந்ததும் அலமாரியில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவார் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். நம் தாத்தாமார்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் இழுத்துப் போனானே, அதே போர்தான்.

அந்த இருட்டுக் காலத்தின் விளைச்சல் ஒரு புத்தகம். டார்லிங்டன் என்ற பெரிய விஞ்ஞானியோடு சேர்ந்து, மனிதன் பயிரிடும் செடிகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை குரோமோசோம் என்று திரட்டி எழுதினார். 1945இல் வெளிவந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள்: ஒன்று ஆங்கிலேயருடையது, மற்றது தலைச்சேரிப் பெண்ணுடையது. உலகத்துத் தாவர ஆராய்ச்சியாளர்கள் கையில் வெகுகாலம் புழங்கிய புத்தகம் அது.

அதன்பின் விஸ்லி என்ற ஊரில் இருக்கும் அரச தோட்டக்கலைச் சங்கத்தில் 1951 வரை வேலை பார்த்தார். அங்கே கால்சிசின் என்ற மருந்தைக் கொண்டு செடிகளின் இழைகளை இரட்டிக்கச் செய்தார். அந்த மருந்து நம் கார்த்திகைப் பூச்செடிக் கிழங்கிலும் உண்டு (கொடிய விஷம், பிள்ளைகள் தொடக்கூடாது!). அணு இரண்டாகப் பிரிகிற நேரத்தில் அது குறுக்கே புகுந்து தடுத்துவிடும். இரட்டித்த இழைகள் பிரிய முடியாமல் ஒரே அணுவில் தங்கிவிடும். இலை தடிக்கும், பூ பெரிதாகும். நம்ம செண்பகத்துக்கு உறவான மக்னோலியா மரக் கன்றுகளுக்கு அவர் அப்படி மருந்திட்டார். அவற்றில் ஒரு வகை இன்றும் ஜானகி அம்மாள் என்ற பெயரோடுதான் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு பெண்மணியையும் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் பார்பரா மெக்லின்டாக் என்பவர், ஜானகி அம்மாளைவிட ஐந்து வயது இளையவர், அவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதே காலத்தில் மக்காச்சோளத்தின் இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில சோளக் கதிரில் மணிகள் புள்ளி புள்ளியாக இருக்குமே, அது ஏன் என்று ஆராய்ந்தார். இழையில் ஒரு சிறு துண்டு தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, நிறத்துக்குரிய மரபணுவின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் நிறம் அடைபடும். எழுந்து போனால் நிறம் திரும்பும். அதுதான் புள்ளி. இழையில் எழுதியது எழுதியபடியே நிற்கும் என்று நம்பியிருந்த விஞ்ஞானிகள் 1951இல் அவர் இதை எடுத்துச் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1983இல், நோபல் பரிசு தேடி வந்தது.

அந்தத் தாவும் துண்டுகள் சோளத்தில் மட்டும் இல்லை. 2010இல் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் இழைகளில் எழுதியிருப்பதை ஏறக்குறைய முழுக்கப் படித்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே தாவும் துண்டுகள்! தவளைதான் தாவுகிறது என்று பார்த்தால் அதன் உள்ளே இருப்பதும் தாவியிருக்கிறது. தவளையில் பெரும்பாலானவை வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் வகை. மனிதனிடத்தில் இன்னும் அதிகம், ஏறக்குறையப் பாதி. ஆனால் நம்முடையவை பெரும்பாலும் நகல் எடுத்து ஒட்டும் வகை, ஏறக்குறைய எல்லாமே தாவ முடியாமல் படுத்துவிட்டவை. தலையில் எழுதியது அவ்வளவுதான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உயிரணுவுக்குள் இருக்கிற எழுத்துக்கூட எழுதிய இடத்தில் இருப்பதில்லை.

பிரதமர் நேரு அழைக்க, 1951இல் ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீர்படுத்தும் பொறுப்பைப் பெற்றார். வடகிழக்கு இந்தியக் காடுகளில் ஏன் இத்தனை வகைச் செடிகள் என்று ஆராய்ந்து, சீனப் பக்கத்துச் செடிகளும் நம் மலாயாப் பக்கத்துச் செடிகளும் அங்கே வந்து சந்தித்துத் தாமாகவே கலந்ததுதான் காரணம் என்று கருதினார். 1955இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், பூமியை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்று பேச ஒரு பெரிய கருத்தரங்கு கூடியது. அழைக்கப்பட்ட அறிஞர்களில் ஒரே பெண் அவர்தான். அடுத்த வருஷம், தாம் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகமே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இந்திய அரசின் பத்மஸ்ரீ 1977இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியைத் தேடவில்லை. 1970இல் சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மதுரவாயல் ஆராய்ச்சித் தோட்டத்திலேயே குடியிருந்தார். மூலிகைகள் வளர்த்தார், கட்டுரைகள் எழுதினார். கூடவே ஒரு பூனைப் பட்டாளம். எளிய மஞ்சள் சேலை, எளிய சாப்பாடு.

அந்த வயதில்தான் அவருக்கு ஒரு போராட்டம் வந்தது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் அமைதிப் பள்ளத்தாக்கு என்று ஒரு மழைக்காடு. குந்திப்புழை ஆற்றுக்கு அணை கட்டி மின்சாரம் எடுக்க அரசு திட்டம் போட்டது. கட்டினால் காடு முழுகும். கவிஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். ஜானகி அம்மாளும் அவர்களோடு நின்றார். வெறும் கையெழுத்தோடு நிற்கவில்லை. அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கிறேன் என்று கிளம்பினார். முழுகிப்போனால் என்னென்ன போகும் என்று ஒரு பட்டியலாவது இருக்கட்டும் என்ற எண்ணமாக இருந்திருக்கலாம். காடு வெட்டித் தோட்டம் போட்ட மண்ணில் வாழ்கிற நமக்கு, வெட்டுவதற்கு முன்னே அங்கே என்னென்ன மரம் நின்றது என்று சொல்ல இன்று ஆள் இல்லை.

1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 7.2.1984 அன்று, மதுரவாயல் ஆராய்ச்சித் தோட்டத்திலேயே, அம்மையார் காலமானார். வயது 86. அதே வருஷம் நவம்பர் 15ஆம் தேதி அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் ஒரு தம்பதியர் தாங்கள் உண்டாக்கிய புது ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு கலப்புச் செடிதான்.