புள்ளிகளால் ஒரு முகம்: ஓவியர் ஜோர்ஜ் சூரா

குச்சவெளிக்கு வடக்கே, புல்மோட்டைக் கரையில் ஒரு பிடி மணலை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். தூரத்தில் ஒரே கருமையாய்த் தெரிந்தது, கறுப்பும் செம்பழுப்பும் கண்ணாடி போன்ற வெண்மையுமாய்த் தனித்தனி மணிகளாகப் பிரியும். கிட்டப் பார்த்தால் பல, எட்டப் பார்த்தால் ஒன்று. இதையே ஓவிய முறையாக்கியவர் ஜோர்ஜ் சூரா. சித்திர பாடத்தில் புள்ளி ஓவியம் செய்த நம் மாணவியர் பலருக்கு அவரது பெயர்கூடத் தெரியாது என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

1859 டிசம்பர் 2 ஆம் திகதி பாரிஸில் பிறந்த சூரா, 1878 இல் அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. இராணுவச் சேவை முடிந்து திரும்பியவர், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் கறுப்புக் கிரெயோனிலேயே வரைந்தார். சொரசொரப்பான தாளில் கிரெயோனைத் தேய்த்தால் மேடுகள் மட்டும் கருக்கும். பள்ளங்கள் வெளிச்சமாய் நிற்கும். தாயார் தையல் வேலையில் குனிந்திருப்பதை அப்படி வரைந்தார். நண்பர் அமான் ஜானின் உருவப்படம் 1883 இல் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றது. நம் பிள்ளைகள் முதல் நாளே வர்ணப் பெட்டியைத் திறக்க ஆசைப்படுவார்கள். சூராவோ முகத்தின் ஒளியும் நிழலும் கைவரும்வரை காத்திருந்தார்.

நிறத்தை அவர் விஞ்ஞான நூல்களிலிருந்து கற்றார். ஷெவ்ருல் என்ற இரசாயன அறிஞர், நெசவாலையொன்றில் கறுப்பு நூல் மங்கித் தெரிவதற்குக் காரணம் சாயமன்று, பக்கத்து நூலின் நிறமே என்று கண்டு, 1839 இல் நூலாக எழுதியிருந்தார். சேலைக் கரை தெரிவு செய்யும் எவருக்கும் இது விளங்கும். செம்மஞ்சளின் அருகே நீலம் வைத்தால் இரண்டும் துலங்கும். ஆகவே சூரா தட்டில் வர்ணங்களைக் குழைத்து மங்கவிடாமல், சிறு புள்ளிகளாக அருகருகே வைத்தார். கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு விட்டார். 1886 இல் காட்சிக்கு வந்த ‘கிராண்ட் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’ இரண்டு மீற்றர் உயரமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்டது. கோடைகளில் ஒன்ஃபிளர், கிராவ்லின் போன்ற துறைமுகங்களுக்குச் சென்று கடலையும் அப்படியே தீட்டினார். திருகோணமலையைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ!

இம்முறையில் முகம் தீட்டுவதே கடினம். ஒரு புள்ளி பிசகினால் சாயலே மாறிவிடும். அதை அவர் 1889, 1890 இல், தம்முடன் வாழ்ந்த மதலேன் நொப்லோக் என்ற பெண்ணை வைத்துச் செய்தார். ஒப்பனை மேசை முன் அமர்ந்து பவுடர் பூசுகிறாள் அவள். எண்ணெய் வர்ணம் ஒன்றுதான். ஆனால் அவளது மேனியின் ஒளியும் நிழலும் வெவ்வேறு நிறப் புள்ளிகளால் உருண்டு வருகின்றன. அவளுடனான வாழ்வைப் பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் அவர் மறைத்திருந்தார். 1890 பெப்ரவரியில் மகன் பிறந்தான். 1891 மார்ச்சில் கடும் நோயுற்றபோதுதான் மதலேனையும் குழந்தையையும் தாயார் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மார்ச் 29 இல் காலமானார், வயது 31. இரண்டு வாரத்தில் மகனும் போய்விட்டான்.

அந்தப் படம் இன்று இலண்டன் கோர்ட்டோல்ட் கலைக்கூடத்தில் உள்ளது. மதலேனின் தலைக்கு அருகே, சுவரில் ஒரு சட்டம், அதற்குள் பூச்சாடி. கருவிகளால் ஆராய்ந்தபோது, அந்தப் பூக்களின் அடியில் சூரா முதலில் தீட்டி மூடிவிட்ட தமது சொந்த உருவம் தெரிந்தது.