மழையின் கணக்கைப் போட்டவர்

மழை பொய்த்தால் மண் மட்டுமா வறளும்? மனிதர் வாழ்வும் அன்றோ வறண்டுபோகும்! 1899-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. இன்றைய ராஜஸ்தானின் வறண்ட ஊர்களில் மக்களும் கால்நடைகளும் பசியால் மடிந்தனர். வானிலைத் துறையால் அதை முன்கூட்டிக் கூற இயலவில்லை. இத்தகைய பஞ்சத்தை முன்னரே அறிய வழி தேடியவரே சர் கில்பர்ட் வாக்கர்.

இவர் 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1889-இல் முதல் மாணவராகத் தேறினார். வானிலை இயலை அவர் படித்ததில்லை. ஆயினும் 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார்.

உலகின் பல பகுதிகளிலிருந்து மழை, வெப்பம், காற்றழுத்தம் பற்றிய பல்லாண்டுக் குறிப்புகளைத் திரட்டினார். கணிப்பொறி இல்லாத காலம் அது. அவரும் அவருடைய இந்திய உதவியாளர்களும் கையாலேயே கணக்கிட்டனர். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்வதையும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதையும் கண்டார். தராசுத் தட்டுகளைப் போன்ற இந்த மாற்றத்துக்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார்.

எண்களின் அருமை அறிந்த வாக்கர், 1913-இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத்தில் எழுத்தராயிருந்த ராமானுஜனின் கணக்குகளைக் கண்டு வியந்தார். அவருக்கு உதவித்தொகை அளிக்குமாறு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

1924-இல் வாக்கர் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பினார். தென் அலைவு ஏன் நிகழ்கிறது என்பதை அவரால் விளக்க முடியவில்லை. பலர் அவர் முடிவுகளை ஐயுற்றனர். விடை அறியாமலே 1958-இல் காலமானார்.

1969-இல் பியர்க்னஸ் என்ற அறிஞர் விடை கண்டார். பசிபிக் கடலின் கீழைக்காற்று வெந்நீரை மேற்கே தள்ளுகிறது. அக்காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே பரவும். மழையும் அத்துடன் இடம்பெயரும். அதனால் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலமுறை வறட்சி நேர்கிறது. அந்தக் காற்றோட்டத்துக்கு ‘வாக்கர் சுழற்சி’ என்றே அவர் பெயர் சூட்டினார். மர வளையங்களிலும் பவளப் பாறைகளிலும் பதிந்துள்ள பழங்கால வறட்சிகளை ஆராய்வோருக்கும் இன்று இந்த அறிவே துணை.

தோழியரே, விடை வரவில்லை என்று நாம் கணக்கை அடித்துவிடுகிறோம். வாக்கர் அவ்வாறு அடித்திருந்தால், பின்வந்தவர் எதைக்கொண்டு விடை கண்டிருப்பார்?