வாசல்தோறும் அலைந்த மேதை

திருவாமாத்தூருக்குச் சில கல் தொலைவில் இருக்கிறது விழுப்புரம் ரயில் நிலையம். 1910-ம் ஆண்டின் பிற்பகுதியில், கும்பகோணத்திலிருந்து வந்த வண்டியை விட்டு அங்கே இறங்கினார் ஓர் இளைஞர். கையிலே நோட்டுப் புத்தகம், கருத்திலே கணிதம், தேடிப் போனதோ குமாஸ்தா வேலை! வண்டி மாறித் திருக்கோவிலூர் சென்ற அந்த இளைஞர்தான் சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் எழுதினார், முழங்கையால் அழித்தார், முடிவை மட்டும் நோட்டில் குறித்தார். கும்பகோணம் கல்லூரி உபகாரச் சம்பளம் கொடுத்தது. மற்றப் பாடங்களில் குறைந்தார் என்று பறித்துக்கொண்டது. பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார், எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். கணிதக் கடலைக் கடந்தவர் மற்றப் பாடங்கள் எனும் வாய்க்காலில் வழுக்கி விழுந்தார். வழுக்கியதைப் பார்த்தார்கள், கடந்ததைப் பார்க்கவில்லை!

திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர், 1907-ல் இந்தியக் கணிதச் சங்கம் கண்ட இராமசாமி அய்யர். நோட்டைப் புரட்டினார். இந்த மேதையைக் கடைநிலைக் குமாஸ்தாவாக்க மனம் ஒப்பவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்தார். அவரது பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம். ஆனால், எத்தனை நாளைக்குத் தன்மானமுள்ளவன் பிறர் தயவில் வாழ்வான்? 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். சீமை வியந்தது. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பரிந்துரைத்தார். பட்டமே பெறாத அந்த மனிதருக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியது. 1914-ல் ஆண்டுக்கு 250 பவுன் அளித்துக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது.

விளைவு என்ன? 4 என்ற எண்ணைக் கூறுபோட 5 வழி உண்டு. 100-ஐக் கூறுபோட எத்தனை வழி? 19,05,69,292! எண்ணி மாளாத இந்தக் கணக்குக்கு ஹார்டியும் அவரும் சூத்திரம் கண்டார்கள். 1918-ல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோயோடு தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் மறைந்தார்.

தோழர்களே! நாம் நினைவூட்ட விரும்பும் செய்தி ஒன்றுண்டு. தாயகம் திரும்பும் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தரப் பல்கலைக் கழகம் முன்வந்தது. 1919 ஜனவரியில், நோயுற்ற நிலையில், நன்றி தெரிவித்து எழுதினார். பெற்றோருக்கும் தமக்கும் வேண்டியது போக மிச்சத்தை ஏழைச் சிறுவர், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடக் கேட்டுக்கொண்டார். பொதுப் பணத்தின் அருமையைப் பொதுப் பணத்தால் உயர்ந்தவர் அறிந்திருந்தார்!

அவர் பெயரால் 1950-ல் வள்ளல் அழகப்பர் சென்னையில் கணிதக் கழகம் நிறுவினார். 1957-ல் வள்ளல் மறைந்தார். கழகத்தைப் பல்கலைக் கழகம் ஏற்றது, இன்றும் நடக்கிறது. வள்ளலின் கைக்கு ஆயுள் உண்டு. மக்கள் கருவூலத்துக்கு இல்லை.

ஆனால் அந்தக் கருவூலம் இன்று எப்படித் திறக்கிறது? நாட்டின் வருமானத்தில் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூட ஆராய்ச்சிக்குப் போகவில்லை. இராமானுஜனுக்காவது ஏறி இறங்க வாசல்கள் இருந்தன; கடிதம் எழுதித்தர ஆட்கள் இருந்தனர். திருவாமாத்தூர்க் கழனியில் நாற்று நடும் தாயின் மகனுக்கு யார் கடிதம் தருவார்? ஊர்ப் பள்ளியில் ஆய்வுக்கூடமும், தகுதிக்கு உதவித் தொகையும் இருந்தால், அவனுக்குக் கடிதமே வேண்டாம்!

நாம் கேட்பது பிச்சையல்ல. உழைப்பவன் கட்டும் வரியிலிருந்து உழைப்பவன் பிள்ளையின் அறிவுக்கு ஒரு பங்கு. கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!