பசுவின் வயிற்றைப் படித்த பேரறிஞர்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் கண்டது தமிழ். மழை பொய்த்த ஆண்டில் அச்செல்வத்தைக் காக்கப் படும் பாடு, சூலக்கரை போன்ற மானாவாரி ஊர்களில் பிறந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படப்பில் தட்டை இருக்கும். பிண்ணாக்கு வாங்கக் கையில் காசு இராது. அந்த மாட்டுத் தீவனத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டு நோபல் பரிசு பெற்ற பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே பின்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் ஆர்த்தூரி விர்த்தனென்.

அவர் 1895 ஜனவரி 15-ஆம் நாள் ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் ரயில்வேயில் பணிபுரிந்தவர். 1919-இல் டாக்டர் பட்டம் பெற்ற விர்த்தனென், பால் கூட்டுறவு அமைப்பான வாலியோவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அந்நாட்டில் குளிர்காலம் நீண்டது. மாதக்கணக்கில் பசும்புல் கிடையாது. குழியில் சேமித்த பசுந்தீவனமோ கெட்டு நாறும். நுண்ணுயிர்கள் புல்லின் புரதத்தை அமினோ அமிலங்களாகவும், அவற்றை மேலும் சிதைத்து அம்மோனியாவாகவும் ஆக்கிவிடுவதே இதன் காரணம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் தெளித்து, பி.எச். அளவை 4-க்குக் கீழே இறக்கினால் சிதைவு அடங்கும் என்று அவர் கண்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் ஏ.ஐ.வி. முறை எனப்பட்ட இது, 1920-களின் இறுதியில் பண்ணைகளில் பரவத் தொடங்கியது. 1945-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பரிசு பெற்றபின் அவர் ஓய்ந்துவிடவில்லை. குழியில் எந்தச் சிதைவைத் தடுத்தாரோ, அத்தகைய சிதைவைப் பசுவின் முதல் இரைப்பையில் பயன்படுத்த முனைந்தார். அங்கு வாழும் நுண்ணுயிர்களும் அமினோ அமிலங்களை அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. ஆனால், மாவுப்பொருளும் நார்ப்பொருளும் தரும் ஆற்றலைக் கொண்டு, அந்த அம்மோனியாவிலிருந்தே தம் உடற்புரதத்தை ஆக்கிக்கொள்கின்றன. பின்னர் அவையே குடலில் செரித்துப் பசுவுக்குப் புரதமாகின்றன. அப்படியானால் புரதமே கொடாமல் பால் கறக்க இயலுமா?

அறுபது வயதைக் கடந்த நிலையில் அவர் இதைச் சோதித்தார். தூய செல்லுலோஸ், மாவு, சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவற்றோடு, நைட்ரஜனுக்கு யூரியாவும் அம்மோனிய உப்புகளுமே கொடுத்துப் பசுக்களைப் படிப்படியாகப் பழக்கினார். சில பசுக்கள் ஆண்டுக்கு 4,000 கிலோவுக்கு மேல் பால் தந்தன! 1966-இல் முடிவுகள் வெளியாயின. அத்தூய தீவனம் விலையுயர்ந்தது. எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. எனினும், மனிதன் உண்ணும் பருப்புக்குப் பசு போட்டியாக வர வேண்டியதில்லை என்ற உண்மை நிலைபெற்றது.

இன்று நம் நாட்டில் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்து ஊட்டும் முறை உண்டு. இம்முறையும் நுண்ணுயிர்களின் அதே திறமையை நம்பியதே. ஆனால் அளவு முக்கியம். நுண்ணுயிர்கள் ஏற்கும் வேகத்தை மிஞ்சிய அம்மோனியா இரத்தத்தில் கலந்து மாட்டைக் கொன்றுவிடும். உரமூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டுவது அறிவியலன்று. கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்வதே அறிவியல்.

1973 நவம்பர் 11-இல் விர்த்தனென் மறைந்தார். மாணவ நண்பர்களே! நோபல் பரிசுக்குரிய கேள்வி மாட்டுத் தொழுவத்திலும் கிடைக்கும். தொழுவத்திலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மைவிட அதைக் கேட்கத் தகுந்தவர் யார்?