விபுலாநந்த அடிகளும் பாடும் வாவியும்

மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவிலே 1892ஆம் ஆண்டு தோன்றிய மயில்வாகனனாரே பின்னாளில் விபுலாநந்த அடிகள் எனத் தமிழுலகு போற்றும் பெரியார் ஆயினர். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர் (பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எம்மனோர்க்கு இதனாற் சிறிது செருக்குமுண்டு) 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராயினர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாயினர். 1924இல் துறவு பூண்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை அணிசெய்தனர்.

அவர்தம் இளமைச் செவியை நிறைத்த வாவியைப் பற்றியே ஈண்டுச் சொல்ல விழைகின்றேம். காற்றடங்கிய நிலவிரவுகளிலே மட்டக்களப்பு வாவியின் அடியினின்றும் நரம்பிசை போன்ற ஒலி எழுவதை மீனவர் நெடுங்காலமாக அறிவர். 1848இல் எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி ஓடத்திற் சென்று, மரப்பலகையிற் செவிவைத்து, இடந்தோறும் ஒலி வேறுபடுதலைக் கண்டார். பாடுவது மீன் என்பாரும் சிப்பி என்பாரும் உளர்; வழக்கு இன்னும் முடிந்திலது.

முடியாமைக்குக் காரணம் எளிது. வளியிலே ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, நீரிலே 1500 மீற்றர் செல்லும். ஆதலின் இரு செவிகளையும் அஃது அடையும் கால வேறுபாடு மிகக் குறுகித் திசை மயங்கும். இக்காலத்தார் நீரொலிவாங்கிகள் பலவற்றை இடைவிட்டு அமிழ்த்தி, ஒவ்வொன்றிலும் ஒலி படும் காலத்தை ஒப்பிட்டு, அது பிறந்த இடத்தைப் படமாகவே வரைகின்றனர்.

அடிகளாரிடம் அக்கருவிகள் இல்லை. எனினும் அவ்வொலியை அவர் வியந்து விடுத்தாரல்லர். யாழின் சுரங்களோடு இயைத்து ஓர்ந்தனர். விஞ்ஞானம் கற்றவர் யாழ்நூலில் நீரரமகளிர் பாடுவதாகக் கற்பனை செய்தது தகுமோ எனச் சிலர் வினவுவர். அந்நூலுள்ளேயே நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் எண்ணிட்டுக் கணித்தவரும் அவரே என்பதை அன்னார் மறந்தனர் போலும்! கணக்கிற்கு எட்டியதைக் கணக்காலும், எட்டாததைக் கவியாலும் உரைத்தனர். இரண்டையும் அவர் மயங்கவைத்திலர்.

பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947 சூன் 5, 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நலிந்த உடலோடு அவ்விழாக் கண்டு மீண்ட அடிகள், சூலை 19இல் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தனர். திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டு செல்லப்பெற்று, வாவிக்கு அண்மையிலுள்ள கல்லடி உப்போடையிலே, அவர் வளர்த்த சிவாநந்த வித்தியாலய வளவில் அடக்கஞ் செய்யப்பெற்றது.